இடது தோளில் மூன்று மடிப்பு

மோகனப்பிரியா துணியை மடித்துப் போட்டு வெட்டுவதில்லை. ஊரில் தையல் தெரிந்தவர்கள் எல்லோரும் துணியை நாலாக மடித்து, ஒரே ஓட்டத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்துவிடுவார்கள். மனித உடம்பை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றுதான் என்ற தைரியத்தில் நடக்கிற தொழில் அது. மோகனாவுக்கு இரண்டு வருஷமாக அந்தத் தைரியம் கிடையாது. துணியை மேஜையில் விரித்துப் போட்டு, வலது பாதியைத் தனியாக, இடது பாதியைத் தனியாக வெட்டுவாள். இடது மார்பை ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள்.

அவள் வேலை பார்த்தது கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். வார்ப்பில் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற கண் அவளுக்கு. மிஷின் ஓடுகிற இடம் என்பதால் பெண்கள் சேலை கட்டிவரக் கூடாது, சுடிதார்தான். சேலையாக இருந்தால் மாராப்பை அகலமாக விட்டு, உள்ளே பஞ்சுப் பட்டையை வைத்துச் சமாளித்துவிடலாம். கடையில் வாங்கின டாப்ஸில் அந்தப் பட்டை மத்தியானத்துக்குள் நகர்ந்து கழுத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் சூப்பர்வைசர் பேசப் பேச அவர் கண் அங்கே போய்த் திரும்பியதைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே மாமியார் கொடுத்த பழைய தையல் மிஷினைத் தூசி தட்டினாள்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: டாக்டர், புருஷன் சுரேந்தர், சிநேகிதி சைத்ரா. காங்கேயத்தில் இருக்கிற மாமியார் நாச்சியம்மாளுக்கும் மற்ற சொந்தத்துக்கும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியாயிற்று. அதைச் சொன்னால் எங்கள் பக்கம் ஒருத்தரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தி எடுத்திருப்பாள், அவளவள் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். நிஜத்தைச் சொன்னால் பேச்சு வேறு. மகள் ரித்திகாவுக்குப் பதிமூன்று வயது. நாளைக்கு வரன் பார்க்கும்போது 'ஆத்தாளுக்கு அந்த வியாதியாமா' என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த ஒரு பேச்சு காங்கேயத்துக்குள் வரக்கூடாது. மோகனா இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது அதைத்தான்.

சுரேந்தருக்கு விஷயம் தெரியுமே தவிர, அவன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று அவனை வெளியே போகச் சொன்னாள். வீட்டிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் உடை மாற்றினாள். அவன் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லவன்தான். அந்த நல்லதனமே அவளுக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது.

பார்த்தவள் சைத்ரா ஒருத்திதான். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் பத்து வருஷம் இருந்துவிட்டு, சரவணம்பட்டியில் சொந்தமாகத் தையல் கடை போட்டிருந்தாள். நமக்கு நாமே தைத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. முன்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பிடித்துவிடலாம், முதுகில் குண்டூசி குத்த இன்னொருத்தர் கை வேண்டும். மோகனா ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையை உள்ளே பூட்டச் சொல்லிவிட்டு, காடாத் துணியில் தைத்த வெள்ளோட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைத்ராவுக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

"மூச்சப் புடிக்காத புள்ள, சும்மா நில்லு" என்பாள் சைத்ரா. குத்தி முடித்ததும் போனில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் படம் எடுத்துக் காட்டுவாள். சுருக்கம் எங்கே விழுகிறது என்று படத்தில்தான் சரியாகத் தெரியும். "பாத்துட்டு அழிச்சுப்போடு" என்று மோகனா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "செரி செரி" என்பாள் அவள்.

எட்டு மாசம் ஆயிற்று. பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து, வெட்டி, ஒட்டி, மறுபடி வரைந்து, கடைசியில் இடது பாதி பிடிபட்டது. அதில் மார்பின் எடுப்புக்காகப் பிடித்துத் தைக்கிற டாட் கிடையாது. அதற்குப் பதிலாக இடது தோளிலிருந்து சரிவாக இறங்குகிற மூன்று மடிப்பு. இரண்டு மடிப்பு வைத்தால் பள்ளம் தெரிந்தது, நாலு வைத்தால் வேண்டுமென்றே மறைத்த மாதிரி இருந்தது. மூன்றுதான் கணக்கு. புத்தகத்தில் பார்த்ததில்லை, யாரும் சொல்லித் தந்ததில்லை, அவளாகக் கண்டது. கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்து அவள் அழாமல் இருந்த முதல் நாள் அதுதான்.

ஒரே ஒரு குறை மட்டும் நின்றது. இடது கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் பூராவும் கையோடு சேர்ந்து மேலே ஏறி, பட்டையையும் இழுத்துக்கொண்டு போகும். தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

"அது அப்படித்தான் மோகனா. அறுத்த இடத்துல சதை இல்லையில்ல. கையத் தூக்காம இருந்து பழகிக்க" என்றாள் சைத்ரா. பத்து வருஷம் சாம்பிள் பார்த்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மோகனா பஸ்ஸில் வலது கையால் மட்டும் கம்பியைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

வைகாசியில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். சுரேந்தரின் பெரியப்பா பேத்திக்கு. பெண் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மோகனா பட்டுச் சேலையில், மாராப்பை அகலமாக விட்டு, மாமியாருக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளம் கொட்டி, எல்லோரும் எழுந்து அட்சதை போட்டபோதுதான் அதைப் பார்த்தாள்.

எதிர்வரிசையில் ஒரு டீச்சர். மயில்கழுத்து நிறத்தில் நீளமான டாப்ஸ். அதன் வலது தோளில் சரிவாக மூன்று மடிப்பு.

மோகனாவுக்கு ஒரு நொடி கண்ணாடி முன்னால் நிற்பதாகவே தோன்றியது. தினமும் காலையில் கண்ணாடிக்குள் அவள் பார்ப்பது இதையேதான். இதே சரிவு, இதே அகலம், கடைசி மடிப்பு கைக்குழிக்கு ஒரு விரல் முன்னால் முடிகிற அதே இடம். தலை மட்டும் வேறு யாருடையதோ. அந்த டீச்சர் வலது கையை நன்றாக உயர்த்தி அட்சதையை வீசினாள். டாப்ஸ் அசையவில்லை. இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மோகனா எழுந்து அந்தப் பக்கம் போனாள். கால் தானாகப் போயிற்று.

"ஏனுங்க, டாப்ஸ் ரொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க தெச்சீங்க?"

"கோயமுத்தூர்லங்க. சரவணம்பட்டில சைத்ரான்னு ஒருத்தர்" என்றாள் அந்த டீச்சர். மெர்சி என்று பேர் சொன்னாள். மோகனாவின் கண் மடிப்பையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாள். "உங்க ஊட்லயும் ஆருக்காச்சும் ஆபரேஷனுங்களா?"

"எங்க அக்கா ஒருத்தருக்குங்க" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னாள் மோகனா.

"அப்ப அவங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் மொத நாள் போனப்ப டாப்ஸே வேண்டாம்னு அழுதுட்டு எந்திரிச்சுட்டேனுங்க. அவங்கதான் போன்ல ஒரு பொண்ணு படத்தக் காட்டுனாங்க. அவங்க சிநேகிதியாமா. மூஞ்சி இல்லீங்க, கழுத்துக்குக் கீழ மட்டும். மடிப்பு வெக்கறதுக்கு முன்னால ஒன்னு, வெச்சதுக்கு அப்பறம் ஒன்னு. அதப் பாத்தப்பறந்தான் எனக்குத் தெம்பே வந்துச்சுங்க." மெர்சி குரலைக் கொஞ்சம் தணித்தாள். "அந்தப் பொண்ணு இந்தக் காங்கேயத்துக்குத்தான் வாக்கப்பட்டதாமா. ஊட்ல கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்குதாமா. பாவமுங்க."

அப்படியானால் படம் அழியவில்லை. படத்தோடு கதையும் சேர்ந்து போயிருக்கிறது. ஊர்ப் பேர் முதற்கொண்டு, கர்ப்பப்பைப் பொய் முதற்கொண்டு. மோகனாவுக்குக் காதுக்குள் கெட்டிமேளம் இன்னும் நிற்காத மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைத் தொட்டது.

"ஏங்கண்ணு, பந்திக்கு வாரதில்லையா? எல போட்டுட்டாங்க" என்றார் நாச்சியம்மாள். "என்ன ரெண்டு பேரும் அத்தனை ரகசியம்?"

மெர்சிக்கு மறைக்கிற பழக்கம் இல்லை. "ஒன்னுமில்லீங்கம்மா. எனக்கு மார்ல ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க. அதுக்கு டாப்ஸ் தெக்கறதப் பத்திப் பேசிட்டிருந்தோம். எனக்கு முன்னால ஒரு பொண்ணு அதுக்குன்னே வழி கண்டுபுடிச்சிருக்குதுங்க. ஆனா மாமியாளுக்குக்கூடத் தெரியாதாமா, அத்தனை மறைச்சு வெச்சிருக்குது."

நாச்சியம்மாள் மெர்சியை மேலும் கீழும் பார்த்தார். உச்சுக் கொட்டினார். "மாமியாளுக்குத் தெரியாமயா? அந்தக் கெழவி எத்தன கொடுமக்காரியா இருந்தா அந்தப் புள்ள இப்புடி மறைச்சிருக்கும். நாசமாப் போறவ." பிறகு மருமகளின் கையைப் பிடித்தார். "வா அம்மணி, சோறு ஆறிப்போகும்."

இலையில் என்ன விழுந்தது என்று மோகனாவுக்குத் தெரியாது. பக்கத்தில் மாமியார், தன்னைத்தானே திட்டிக்கொண்டது தெரியாமல், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குச் சைத்ராவின் கடைக்குப் போனாள். வழக்கம்போல் சைத்ரா கதவை உள்ளே பூட்டினாள்.

"புதுசா ஏதாச்சும் வெட்டிட்டு வந்தியா?"

"உன்ற போனக் குடு" என்றாள் மோகனா.

சைத்ராவுக்கு உடனே புரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம், புரியாமல் இருக்குமா. முகம் ஒரு நிமிஷம் வெளுத்து, பிறகு இறுகியது. "ஆரு சொன்னா?"

"மெர்சின்னு ஒரு டீச்சரு. காங்கேயத்துல, என்ற மாமியாளுக்கு முன்னால வெச்சு."

"உன்ற பேரச் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நான் ஆருகிட்டயும் பேரு சொல்லல. படத்துல தலையே இல்ல மோகனா."

"தலைய மட்டும் எனக்கு விட்டு வெச்சிருக்கற."

சைத்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள், நிறுத்தாமல் பேசினாள். ஒன்பது பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாளாம். எல்லாரும் அழுதுகொண்டு வந்தவர்கள், சிரித்துக்கொண்டு போனவர்கள். ஒருத்தி மறுபடி வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டாளாம். "உன்ற படத்தக் காட்டாம வாயில சொன்னா ஆரு நம்புவாங்க? அவங்கெல்லாம் உன்னயக் கும்புடறாங்க புள்ள. நீ ஒரு நல்லது பண்ணியிருக்கற."

"நான் பண்ணல. நீ பண்ணியிருக்கற. என்னயக் கேக்காம."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்று சைத்ரா நினைத்தாள், தெரிந்தும் செய்தாளே என்று மோகனா நினைத்தாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில் நகர இடமில்லை.

மோகனா கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அங்கே கம்பியில் கொக்கி கொக்கியாகத் துணி வெட்டுகிற அளவுக்கான காகிதப் பேட்டர்ன்கள் தொங்கின. ஐந்தாவது கொக்கியில் அவளுடையது. காலண்டர் தாளை அப்படியே கெட்டி அட்டையில் பார்த்து வெட்டி, ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செய்கிற மாதிரி ஓர் அட்டைச் சீட்டும் கட்டியிருந்தது. 'எம்.பி. சாம்பிள்.' அதன் அக்குள் பக்கத்தில் இன்னொரு சின்னத் துண்டு சேர்த்துக் குத்தியிருந்தது. சாய்சதுரமாக, உள்ளங்கையில் பாதி அளவு.

"இது என்ன?"

"அது கையத் தூக்கறப்ப இழுக்காம இருக்கறதுக்கு. அக்குள்ல அந்தத் துண்ட வெச்சுத் தெச்சா ஏறாது. மூணாவதா வந்த அம்மாளுக்குத் தெக்கறப்பத் தோணுச்சு."

"எப்ப?"

"தையில இருக்கும்."

தையிலிருந்து வைகாசி. நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று, இழுக்கிறது இழுக்கிறது என்று மோகனா சொல்லியிருக்கிறாள். கையைத் தூக்காதே என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

சைத்ரா பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மறந்துபோட்டேன் மோகனா. சத்தியமா. வாரவங்க வேலையே தலைக்கு மேல இருந்துச்சா, உன்னோடது முடிஞ்சு போச்சுன்னு மனசுல..."

படத்தைக் காட்டியதைக்கூட மோகனா என்றைக்காவது ஒருநாள் தாங்கியிருப்பாள். இந்த மறதியைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பூர்க் கம்பெனிகளில் ஆர்டர் உறுதியானதும் சாம்பிள் துண்டை என்ன செய்வார்கள் என்று சைத்ராவே சொல்லியிருக்கிறாள். சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அது நல்லா இருக்கிறதா என்று அதற்கப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். முப்பத்தேழு படம். கொக்கியிலிருந்த அட்டைகளை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் கையில் பிடித்துப் பார்த்தாள். யாரோ ஒருத்தி வேலைக்குப் போகிறாளாமே. சீட்டை மட்டும் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முதுகுக்கு ஆரு ஊசி குத்துவா உனக்கு?" என்றாள் சைத்ரா. மிரட்டலாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மோகனா பூட்டைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையில் துணியை விரித்தாள். பாசிப்பச்சைக் காட்டன், அடுத்த வாரத்துக்கென்று வாங்கி வைத்தது. வலது பாதி, இடது பாதி, பின்பக்கம், அக்குளுக்கு அந்தச் சாய்சதுரம். அளவு கண்ணிலேயே இருந்தது. ஓட்டுத்தையல் போட்டு மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முன்பக்கம் சரி. முதுகில் எட்டவில்லை. இடது அக்குளில் துண்டைப் பிடித்துக் குத்த வலது கை வளைந்து வந்தது, இடது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. மூன்று தடவை விரலில் ஏறியது ஊசி.

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சைத்ரா மேல் இருந்த ஆத்திரம் அழுது தீர்கிற ஆத்திரம் இல்லை. ஒன்பது பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். சரவணம்பட்டியில், ஒரு தையல் கடையில், ஒன்பது பெண்கள் தன் உடம்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதுதான் கூடத்தில் செய்தித்தாள் மடிக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து தாழ்ப்பாளை எடுத்தாள். "ஏனுங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

சுரேந்தர் வாசலில் நின்றான். திறந்த கதவைத்தான் முதலில் பார்த்தான்.

"இந்த ஊசி டப்பாவப் புடிங்க. நான் கையத் தூக்கறேன். துணிய எங்க இழுக்குதோ அங்க மடிச்சுக் குத்தணும்."

இடது கையைத் தூக்கினாள். ஓட்டுத்தையல் விட்டுப்போய் அக்குள் பக்கம் திறந்துகொண்டது. தழும்பு நீளமாக, இன்னும் கொஞ்சம் சிவந்து தெரிந்தது. சுரேந்தர் பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை, கிட்டவும் வரவில்லை.

"இந்த உடம்ப ஒம்பது பேரு படத்துல பாத்துட்டாங்க. நீங்க பத்தாவது ஆளு" என்றாள். சைத்ரா மேல் இருந்த கோபத்தில் சொன்னது அது. மண்டபத்தில் நடந்ததையும் கடையில் நடந்ததையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள்.

சுரேந்தர் டப்பாவுக்குள் விரலை விட்டபடி நின்றான். "சைத்ரா மொதல்லருந்தே பாத்துட்டுதான் இருந்துச்சா?" என்றான்.

"ஆமாங்க."

"நான் வெளிய உக்காந்துட்டிருந்தேன்" என்றான்.

அவன் குரல் ஏறவில்லை. ஆனால் அவன் முகத்தை மோகனாவுக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று நாளாக இதே முகத்தைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சைத்ராவை அவள் கேட்ட கேள்வியை இவன் அவளைக் கேட்கலாம். எனக்கு ஏன் சொல்லல என்று. அவன் கேட்கவில்லை, கிட்டே வந்து துணியைப் பிடித்தான்.

"உங்கம்மாகிட்ட நானே சொல்லிப்போடறேனுங்க" என்றாள். "வேற ஆரு வாயிலயாவது கதையாப் போய்ச் சேர்றதுக்கு முன்னால."

"செரி. கையத் தாழ விட்டுட்ட, தூக்கு."

அவனுக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. உடம்பில் பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து, தள்ளித் தள்ளிக் குத்தினான். முதுகின் நடுவில் ஒரு சுருக்கம் கோணலாக விழுந்தது. சைத்ராவாக இருந்தால் ஒரே ஊசியில் எடுத்திருப்பாள். மோகனா படம் எடுக்கச் சொல்லவில்லை. அவன் குத்தின இடத்திலேயே தையல் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் சுருக்கத்தோடேயே வேலைக்குப் போனாள். பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.